பொம்மைக்கு எழுதிய ஜாதகம்

மே 2, திங்கள்

விடியற்காலையில் நாலு தூறல், அப்புறம் சுள்ளென்று வெயில். மதராஸ் மெயில் ஒரு மணி லேட். ஜட்கா வாசலில் வந்து நிற்பதற்குள் இட்லி கல்லாகிவிட்டது.

வந்திறங்கியவை: மன்னி (இவருடைய அண்ணா மனைவி). அவள் பெற்ற மூன்று. டிரங்கு இரண்டு. படுக்கை ஒன்று. காலி ஊறுகாய் ஜாடி நான்கு. திரும்பும்போது ஜாடிகள் காலியாகப் போகாது. சித்திரை பிறந்தால் போதும், மதராஸ் உறவுக்கெல்லாம் பெங்களூரின் மேல் பாசம் பொங்கிவிடும். ஐப்பசி மழையில் எங்களை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

இறங்கியதும் மன்னியின் முதல் வார்த்தை, "என்னடி, குளிரவே இல்லையே?" நான் ஏற்பாடு செய்ய மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

மூன்று என்பது: சேது, பதினொன்று, எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பான், சேர்க்கத் தெரியாது. பட்டு, ஒன்பது, வாயைத் திறந்தால் "எங்காத்துல". குஞ்சு, ஐந்து, தரையில் கிடப்பது எல்லாம் அவன் வாயில். இவர்களை மே முடிய நான் மேய்க்க வேண்டும். மன்னி "ரெஸ்ட்" எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள். மதராஸில் வீட்டு வேலைக்கு இரண்டு ஆள். எதிலிருந்து ரெஸ்ட் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

என் பெண் லலிதாவின் ஹைஸ்கூல் பாரம் இன்னும் இவர் கோட்டுப் பையிலேயே. இருபதாம் தேதிக்குள் கையெழுத்தாகிப் போய்ச் சேர வேண்டும். கேட்டேன். "பார்க்கலாம்." இந்த மனிதர் ஆபீஸ் கச்சேரியில் ஃபைல்களுக்கும் இதையேதான் எழுதுகிறார் என்று நினைக்கிறேன்.

மே 4, புதன்

வெயில். ரஸபுரி மாம்பழம் வந்துவிட்டது. டஜன் விலை கேட்டேன், கேட்டதோடு சரி.

காசில்லாமல் காட்டியவை, இதுவரை:

ரயில். மல்லேஸ்வரம் ஸ்டேஷன் வேலி ஓரம் நின்று இரண்டு கூட்ஸ். சேது, "இதைவிடப் பெரிசு சென்ட்ரல்ல தினம் பார்ப்பேன்."

ஏரி. குஞ்சு செருப்பை விட்டெறிந்தான். ஒற்றைச் செருப்போடு அவனை இடுப்பில் சுமந்து வந்தது நான்.

கப்பன் பார்க் பாண்டு. போக இரண்டரை மைல், வரவும் அதே இரண்டரை மைல்தான், ஆனால் நாலு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். பட்டு காதைப் பொத்திக்கொண்டாள். துரைசானிகள் நாற்காலியில், நாங்கள் புல்லில். கடலேகாய் (நம் வேர்க்கடலைதான்) விற்கிறவன் பக்கத்திலேயே நின்றான், போகவே இல்லை. அரையணா போயிற்று.

கோவில். பிரசாதம் முடியும் வரை பக்தி.

மன்னி எதற்கும் வரவில்லை. கூடத்தில் படுத்தபடி, "குழந்தைகளுக்கு ஒரு சினிமா காட்டேண்டி, இங்கே டாக்கி உண்டோல்லியோ?" நாலு டிக்கெட்டுக்கு அவள் கொடுப்பாளாம்? அது பற்றிப் பேச்சில்லை.

லலிதா மட்டும் முணுமுணுக்காமல் குஞ்சுவைத் தூக்குகிறாள், மூக்கைத் துடைக்கிறாள். பதினாலு முடிந்து ஒன்றரை மாதம். இந்த வேலையில் அவள் இவ்வளவு கெட்டிக்காரியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கில் கிளாஸில் முதல். அதைப் பற்றி இந்த வீட்டில் பேசுவது நான் ஒருத்திதான்.

மே 6, வெள்ளி

மத்தியானம் சேது கடிகாரத்தைக் கழற்றிவிட்டான். இப்போது அது பன்னிரண்டு என்ன, ஒன்று கூட அடிப்பதில்லை.

ஆத்திரத்தில் யோசனை பிறந்தது. பொம்மைக் கல்யாணம். என் சின்ன வயதில் ஒரு பொம்மைக் கல்யாணத்துக்கு எட்டு நாள் வேலை இருக்கும். பந்தல், பாய், பட்சணம், சம்பந்தி சண்டை. எட்டு நாள் ஓடினால் மே மாதத்தில் கால்வாசி தீர்ந்தது.

பெண் வீடு நாங்கள். லலிதா (ல.) பழைய வேஷ்டிக் கிழிசலில் பெண் பொம்மை தைத்துவிட்டாள், கண்ணுக்கு மிளகு, பெயர் முத்துமணி. பிள்ளை வீடு எதிர் வீடு. அங்கே இஞ்சினியர் மாமியின் கடைக்குட்டி சரோஜா, பத்து வயது. அவளுடைய செல்லுலாய்டு பொம்மைதான் மாப்பிள்ளை. தண்டில், அதாவது கன்டோன்மெண்டில், துரை கடையில் வாங்கியது. நீலக் கண், பொன் நிறத் தலை, அதற்கு இனிமேல்தான் பஞ்சகச்சம் கட்ட வேண்டும். இஞ்சினியர் ரிடையர் ஆகியும் அந்த வீட்டில் ஒரு துணி கூட நம் ஊர்க் கடையில் எடுத்ததில்லை. பொம்மை மட்டும் எப்படி இருக்கும்.

சரோஜா வந்து நிபந்தனை போட்டாள். ஜாதகம் இல்லாமல் அவர்கள் ஆத்தில் கல்யாணம் பேச மாட்டார்களாம். பொம்மைக்கு ஜாதகம். பத்து வயதிலேயே மாமியார் களை வந்துவிட்டது.

மே 7, சனி

மேகமூட்டம். நிம்மதியான நாள். ல. ஜாதகம் எழுத உட்கார்ந்தாள். எப்படி எழுதுவது என்று கேட்டு வந்தாள். வடை மாவு கையில். "பெரிய டிரங்குல அடியில பழசு ஒண்ணு இருக்கும், அதைப் பார்த்து எழுது. நிதானமா எழுது, நாள் போகட்டும்" என்றேன். மஞ்சள் தடவி, கட்டம் போட்டு, சிவப்பு மசி, கறுப்பு மசி. மூன்றும் அவளைச் சுற்றிக் குப்புறப் படுத்துக் கிடந்தன. நாலு மணி நேரம் சத்தமே இல்லை. நான் ஒரு தூக்கம் கூடப் போட்டேன். இதைவிட மலிவான பொழுதுபோக்கை யாராவது கண்டுபிடிக்கட்டும்.

சாயங்காலம் பட்டு அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு எதிர் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் படித்துப் பார்க்கவில்லை.

மே 9, திங்கள்

பொம்மைகளுக்கு நிச்சயதார்த்தம். எதிர் வீட்டிலிருந்து மாமியே வந்துவிட்டாள், வைரத்தோடு போட்டுக்கொண்டு. பொம்மைக்கு.

பட்சணம்: வடை முப்பது, சுண்டல் ஒரு படி. எங்கள் தெருக் குழந்தைகள் மொத்தமும் உறவாகிவிட்டார்கள்.

பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்று சரோஜா கேட்டாள். சேது, "எங்க பொண்ணு கணக்குல முதல், அதுவே போறும்" என்றான். அந்தப் பயலிடம் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் பார்த்தது வேறு. கூடத்து மூலையில் மன்னியும் மாமியும் தலையோடு தலை. மாமி அடிக்கடி ல.வைப் பார்க்கிறாள். நடையை, முடியை, பல்லை. சந்தையில் மாடு வாங்குகிறவன் கூட அப்படிப் பார்க்க மாட்டான். மன்னி, "பாட்டு சொல்லிக்கறியாடி லலிதா? மாமிக்கு ஒண்ணு பாடேன்" என்கிறாள். ல. எனக்குப் பாட்டு வராது, கணக்கு வேணா சொல்லட்டுமா என்றாள். மாமி சிரித்தாள். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பயம்.

எல்லோரும் போனதும் மன்னியைப் பிடித்தேன். மழுப்பவே இல்லை. மாமியின் பிள்ளை பி.எஸ்ஸி. முடிக்கிறானாம். வந்த மறுநாளே ல.வின் ஜாதகத்தை மன்னி அங்கே கொடுத்துவிட்டாளாம். எடுத்துக் கொடுத்தது இவர். மன்னி குளிர்ச்சிக்கு வரவில்லை, என் பெண்ணைத் தள்ளிவிட வந்திருக்கிறாள். நான் இங்கே வடை தட்டி வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

மே 10, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். செய்தித்தாளை மடிக்கவில்லை.

"அண்ணாதான் எழுதினார். நல்ல இடம். கல்யாண வயசுச் சட்டத்துக்கும் பதினாலு முடிஞ்சாச்சு."

பள்ளிக்கூடம்?

"அவா படிக்க வெச்சா படிக்கட்டும்."

பதினெட்டு வருஷமாக இந்த மனிதருக்கு அபிப்பிராயம் மதராஸிலிருந்து தபாலில் வருகிறது. ஸ்டாம்பு ஒட்டி.

ல.வுக்கு ஒன்றும் தெரியாது. முத்துமணிக்கு ஜரிகை தேடிக்கொண்டு என் பழைய புடவையைக் கிழிக்கலாமா என்று கேட்டாள். கிழி என்றேன். இருபதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்.

மே 12, வியாழன்

பொம்மைகளுக்குக் கல்யாணம். காலையில் காற்று, பந்தலில் இரண்டு முறை மாப்பிள்ளை குப்புற விழுந்தான். தெருவே வந்தது. நாதஸ்வரத்துக்குச் சேது சீப்பில் காகிதம் வைத்து ஊதினான். சாப்பிட்டவர்கள் முப்பத்திரண்டு. அதில் பெரியவர்கள் பதினொன்று, வெட்கம் இல்லை.

சம்பந்தி சண்டை: காபி ஆறிவிட்டது என்று பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்கள். சரோஜா இதை எங்கே கற்றாளோ அப்படியே செய்தாள், தலைப்பை உதறுவது உட்பட. பட்டு நிஜமாகவே அழுதுவிட்டாள்.

மாமி மட்டும் வரவில்லை. அவர்கள் வீட்டில் ஜோஸ்யர் வந்திருக்கிறாராம். மன்னி எனக்குக் கேட்கும்படி சேதுவிடம் சொன்னாள், "லலிதாக்கா ஜாதகம்தான் பார்க்கறா." முகத்தில் என்ன களிப்பு.

மே 13, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்வேன்.

பத்து மணிக்கு மாமி வந்தாள். வைரத்தோடு இல்லை. கையில் இரண்டு காகிதம். குழந்தைகள் கூடத்தில் முத்துமணிக்கு மறுவீடு நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லும் புத்தி எனக்கு வரவில்லை.

நடந்தது இது. நேற்று ஜோஸ்யர் ல.வின் ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் ஏழு, ரொம்ப நன்று என்றாராம். சரோஜா பக்கத்தில் நின்று, என் பொம்மைக்கும் பாருங்கோ என்று உயிரை வாங்கினாளாம். தமாஷுக்கு வாங்கிப் பார்த்திருக்கிறார். பொம்மைக்கு வயது பதினாலு. அதே வருஷம், அதே பங்குனி, அதே தேதி. பிறந்த நாழிகை மட்டும் நாலு தள்ளி. ல.வுடையதில் நட்சத்திரம் பூசம். பொம்மையுடையதில் ஆயில்யம்.

டிரங்கின் அடியில் இருந்தது ல. பிறந்தபோது எழுதிய பழைய ஜாதகம். அவள் பெயரை மட்டும் மாற்றி எழுத்துக்கு எழுத்து காப்பி பண்ணியிருக்கிறாள். கெட்டிக்காரி, ஒரு தப்பில்லை. இவர் பீரோவிலிருந்து எடுத்துத் தர, மன்னி மாமிக்குக் கொடுத்தது இன்னொன்று. ல.வுக்கு நாலு வயதில் இவர் அண்ணா மதராஸில் ஒரு ஜோஸ்யருக்கு வேஷ்டி ஜதை கொடுத்து எழுதி வாங்கியது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, எவன் வீட்டிலும் எடுக்க மாட்டார்கள், நாலு நாழிகை முன்னே தள்ளினால் பூசம், யாருக்கு நஷ்டம் என்றார். அன்றைக்குத் தாம்பாளம் ஏந்தி நின்றது நான்தான். பத்து வருஷமாக மன்னியைப் பற்றி இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், இதை ஒரு வரி எழுதவில்லை.

மாமி இரண்டையும் பாயில் வைத்தாள். "ரெண்டும் உங்காத்துலேந்து வந்தது. எதும்மா நிஜம்?"

மன்னி முந்திக்கொண்டாள். குழந்தைகள் கிறுக்கியது, மாமி இதையெல்லாமா பெரிசு பண்ணுவார் என்று. மாமி அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தாள்.

ஆமாம், குழந்தைகள் விளையாட்டு என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். பாரம் இவர் கோட்டுப் பையிலேயே மக்கிப் போயிருக்கும்.

"பொம்மைக்கு எழுதினதுதான் நிஜம்" என்றேன். "எனக்குத் தெரியும்."

சத்தியத்தின் மேல் ஆசையால் அல்ல. கல்யாணம் உடையட்டும் என்றுதான். யாருக்கும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்.

மாமி எழுந்தாள். குரலில் கோபம் இல்லை.

"ஆயில்யம்னா எனக்குத்தானே ஆகாது. அதுக்கு நான் பயப்படலே. பொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, மேலே படிக்க வைக்கணும்னு பிள்ளையாண்டான் கூடச் சொன்னான். பொய் ஜாதகம் கொடுக்கற ஆத்துல எப்படிம்மா சம்பந்தம் பண்றது?"

படிக்க வைக்கணும் என்றாள். தெளிவாகக் கேட்டேன்.

சரோஜா தன் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போனாள். முத்துமணி மணையில் தனியாக. ல. கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மே 15, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றியது. மல்லேஸ்வரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காய்கறிக்காரி கூட என்னைப் பாவம் என்று பார்த்து ஒரு கத்தரிக்காய் கூடப் போட்டாள். வாங்கிக்கொண்டேன்.

மன்னி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, இந்த ஒரு லாபம். சுவரோடு பேசுகிறாள். "பெத்தவளே பொண்ணு தலையில மண்ணை வாரிப் போட்டா யார் என்ன பண்றது." உடனே மூட்டை கட்டுவாள் என்று நினைத்தேன். மானம் போனாலும் ரிட்டர்ன் டிக்கெட் முப்பதாம் தேதிக்குத்தான். ஜாடிக்கு மாங்காய் எப்போது நறுக்குவாய் என்று சேதுவை விட்டுக் கேட்கிறாள்.

சாயங்காலம் இவர் தானாகவே பாரத்தை எடுத்தார். பேனாவை உதறினார். கையெழுத்துப் போட்டார். "இனிமே யார் எடுக்கப் போறா. படிக்கட்டும், வேற என்ன பண்றது. ஒரு வாத்தியாரம்மா வேலையாவது கிடைக்கும்" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் இவர் அண்ணாவைக் கேட்காமல் செய்த முதல் காரியம். எனக்கு வேண்டியது இதுதான். பாரத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. சேதப்பட்ட சாமானைக் கழிவு விலைக்குத் தள்ளுகிற மாதிரி அவர் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அவரை நொந்து என்ன. வழி காட்டியது நான்.

ல.விடம் காட்டினேன். படித்தாள். "சரிம்மா" என்றாள். போன மாதம் இதே பாரத்துக்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த பெண்.

மே 17, செவ்வாய்

இளவெயில். நல்ல காற்று.

காலையிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்சணம் இல்லை, பாண்டு இல்லை, டாக்கி இல்லை. பின்கட்டில் ஒரே கும்மாளம். என்ன என்று கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன்.

புது விளையாட்டு. பெயர் ஆயில்யம். சேதுவின் மூளை. ல.தான் ஆயில்யம், அவள் துரத்த வேண்டும், அவள் கை பட்டவர்கள் செத்து விழ வேண்டும். பட்டு மாமியார் வேஷம், என் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறாள். குஞ்சு ரொம்ப நன்றாகச் சாகிறான், நாக்கைத் தள்ளி, காலை இரண்டு தரம் உதைத்து. அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சுவரேறி வந்து செத்தார்கள்.

ல. பின்னல் அவிழ்ந்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே ஓடினாள்.

காசு செலவில்லை. மேற்பார்வை வேண்டாம். மே முடிகிற வரைக்கும் தாங்கும். இந்த மாதம் முழுக்க நான் தேடியது இப்படி ஒன்றைத்தான்.

சாப்பிடக் கூப்பிட்டேன். ல. மட்டும் வந்தாள். பின்னலைப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். ஓரடி பின்னால் நகர்ந்தாள். சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது.

"மாமியாருக்கு மட்டும்தானாம்மா? அம்மாவுக்குக் கிடையாதே?"

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வியர்வையில் சில்லென்று இருந்த கை. விடவில்லை. அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அசடே, அதெல்லாம் பொய் என்றேன்.

அவிழ்ந்த பின்னலை மற்றொரு கையால் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எதும்மா பொய்? முதல்ல எழுதினதா, ரெண்டாவதா?"

பின்கட்டிலிருந்து சேது கத்துகிறான், தான் செத்து வெகு நேரமாகிறதாம், லலிதாக்கா வந்தால்தான் எழுந்திருப்பானாம்.